ஒட்டி வைத்த பக்கம்

– இதை வெட்டணும்னு சொல்றீங்களே சார், இது என்ன பழைய காலண்டரா? எங்கப்பா பட்டாளத்தை விட்டு வரும்போது அவருக்குக் குடுத்த தாள். இருபது வருஷமா எங்க வீட்டுச் சுவத்துல மாட்டியிருக்கு.

– கேளுங்க தம்பி. தாளை வெட்டச் சொல்லல, மேல இருக்கிற பிளாஸ்டிக்கைத்தான். இது மடிச்ச தாள், உள்ள ஒரு பக்கம் இருக்கு. கஷ்டப்படற முன்னாள் ராணுவ வீரருக்கு நகரசபை குடுக்கிற உதவிக்கு அந்த உள்பக்கம்தான் முக்கியம். அதைப் பாக்காம நான் மனுவை மேல அனுப்பினா என் தலைதான் உருளும்.

– லேமினேட் பண்ணவனே நான்தான் சார், முதல் சம்பளத்துல. ஓரமெல்லாம் அப்பவே பசை போட்டு ஒட்டியிருந்துச்சு. நைஞ்சு போகக் கூடாதுன்னு அப்பா ஒட்டியிருப்பாருன்னு நெனச்சேன்.

– அய்யா, வேற வழி இருந்தாப் பாருங்க. இல்லைன்னா நாங்க கெளம்பறோம். எந்திரிடா.

– நீ சும்மா இரும்மா. எங்க கெளம்பறது? வீட்டுக்காரர் இந்த மாசத்தோட காலி பண்ணச் சொல்லிட்டாரு. அப்பா படுத்து எட்டு மாசமாச்சு சார். பக்கவாதம். வலது கை கால் வராது, பேச்சும் போயிடுச்சு. நான் ஓட்டறது வாடகை வண்டி. அம்மா இந்த வயசுல நாலு வீட்டுல பாத்திரம் தேய்க்குது.

– மனுவைப் படிச்சேன் தம்பி. எனக்கும் குடுக்கணும்னுதான் ஆசை. வியாழக்கிழமை கமிட்டி கூடுது. அதை விட்டா இன்னும் ஆறு மாசம்.

– கத்தரிக்கோலைக் குடுங்க சார், நானே வெட்டறேன்.

– டேய், வேணாம்டா. என் பேச்சைக் கேளு.

– கையை விடும்மா. இந்தாங்க சார், வெட்டியாச்சு. பசையை மெதுவாப் பிரிங்க.

– இருங்க, கண்ணாடியைப் போட்டுக்கறேன். ம்... பேரு சரி. நம்பர் சரி... தம்பி, நீங்க வெளிய போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்களேன்.

– எதுக்கு சார்? படிங்க.

– கேளுங்க, நான் அம்மாகிட்ட மட்டும்...

– சத்தமாப் படிங்க சார்!

– 'சண்டை நடந்துகொண்டிருந்தபோது அனுமதியின்றிப் பதினேழு நாட்கள் முகாமை விட்டுச் சென்றார். நான்கு மாதம் சிறை. நடத்தை திருப்திகரமாக இல்லை. பணியிலிருந்து நீக்கப்பட்டார்.'

– வேற யாரோடதோ மாறியிருக்கும் சார்.

– கையெழுத்து அவரோடதுதான் தம்பி. முன்பக்கத்துல இருக்கிறதும் இதுவும் ஒண்ணுதான்.

– ஓடி வந்தவரா? எங்கப்பாவா? ஸ்கூல்ல நான் அவரை வச்சு அடிச்ச பெருமைக்கு அளவே இல்லை சார். வீட்டுக்கு எவன் வந்தாலும் முதல்ல இந்தத் தாள்கிட்டதான் கூட்டிட்டுப் போவேன். அவர் எந்திரிச்சுக் கொல்லைப்பக்கம் போயிடுவாரு. அடக்கம்னு நெனச்சேன். வெக்கமா அது?

– அவரை ஒண்ணும் சொல்லாதடா.

– உனக்குத் தெரியுமாம்மா?

– ஒட்டினதே நான்தான். நீ எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பிச்சே பாரு, அன்னிக்கே மாவுப் பசை காய்ச்சி ஒட்டிட்டேன்.

– கேளுங்கம்மா, சண்டையைப் பாதியில விட்டுட்டு வந்தவங்களுக்கு உதவி கிடையாதுன்னு சட்டம். நான் போட்ட சட்டம் இல்ல... ஒரு நிமிஷம். கீழ பொடி எழுத்துல என்னமோ இருக்கு. 'காரணம்: மகன் சாகக் கிடப்பதாக மனைவியின் கடிதம். மருத்துவச் சான்று காட்டவில்லை.' அடடா, இதை முதல்லயே சொல்லக் கூடாதா? இதுக்குத் தனி விதியே இருக்கு. பெத்த பிள்ளை உயிருக்குப் போராடுதுன்னு வந்தவரா இருந்தா கமிட்டி மன்னிச்சு உதவி குடுக்கலாம். ஆஸ்பத்திரிச் சீட்டு இல்லாட்டியும், மனைவி உறுதிமொழி எழுதிக் குடுத்தாப் போதும்.

– மகன்னா... நான் ஒருத்தன்தானே சார். எனக்காகவா வந்தாரு? எனக்காகவா ஜெயிலுக்குப் போனாரு? ஒரு நிமிஷத்துல வாய்க்கு வந்தபடி பேசிட்டேனே, நான் ஒரு மடையன்.

– கண்ணைத் தொடைங்க தம்பி, நல்ல நேரத்துல அழுதுகிட்டு. நானே எழுதித் தர்றேன். 'என் மகன் அப்போது சாகும் நிலையில் இருந்தான் என்று உறுதி கூறுகிறேன்.' வயசு என்ன அப்போ?

– ரெண்டு.

– 'இரண்டு வயது.' அவ்வளவுதான். இங்க கையெழுத்துப் போடுங்கம்மா... என்ன, பேனா எழுதலையா?

– எழுதுதுங்கய்யா.

– அப்புறம் ஏம்மா கீழ வச்சுட்டே?

– என்னால முடியாதுடா.

– என்னம்மா நீ! கைக்கு எட்டினதை வேணாங்கறே?

– அந்த வாரம் எதிர் வீட்டுப் பையன் சண்டையில செத்துட்டான்னு தந்தி வந்துச்சு. மறுநாள் பக்கத்துத் தெருவுக்கு வந்துச்சு. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே கதவைச் சாத்திக்குவேன். இருபத்திரண்டு வயசுடா எனக்கு. அடுத்தது நம்ம வீடுதான்னு தோணிப்போச்சு. உக்காந்து எழுதிட்டேன், புள்ள காய்ச்சல்ல கெடக்கு, பிழைக்காது, உடனே வாங்கன்னு.

– எனக்கு அவ்வளவு காய்ச்சலாம்மா?

– உனக்கு ஒண்ணுமே இல்லடா. கல்லுக்குண்டு மாதிரி இருந்தே.

– கேளுங்கம்மா. எனக்கு வயசாச்சு, காது மந்தம். நீங்க இப்பச் சொன்னது எதுவும் எனக்குக் கேக்கல. கையெழுத்தைப் போடுங்க. அந்த மனுஷனுக்கு மருந்து வேணும், படுக்க ஒரு இடம் வேணும்.

– நான் முதல் தடவை எழுதினதுக்கு அவர் ஜெயிலுக்குப் போனாருங்கய்யா. வெளிய வந்தவருக்கு ஒருத்தன் நிலையா வேலை குடுக்கல, முதுகு ஒடிய மூட்டை தூக்கினாரு. விசாரணையில புள்ளைக்கு என்னன்னு கேட்டாங்களாம். அப்பக்கூட என்னைக் காட்டிக் குடுக்கல. அதே பொய்யை மறுபடி அவர் பேர்ல எழுதச் சொன்னா, எனக்குக் கை எப்படி வரும்?

– உன்னை வெட்டிப் போட்டிருக்கணுமே அவரு.

– ஒரு சுடுசொல் இல்லடா, இத்தனை வருஷத்துல.

– வந்த அன்னிக்கு? நான் நல்லா இருக்கிறதைக் கண்ணால பாத்தாருல்ல? என்னதான் சொன்னாரு?

– நீ வாசல்ல மண்ணை வாரிப் பூசிக்கிட்டுச் சிரிச்சுட்டு நின்னே. மூணு நாள் கண்ணு மூடாம வந்த மனுஷன், உன்னைத் தூக்கி நெத்தியில கையை வச்சுப் பாத்தாரு. அப்புறம் என்னைப் பாத்தாரு. 'நல்லவேளை, காய்ச்சல் விட்டுடுச்சு'ன்னாரு.