ஏற்கெனவே கொடுத்த கை

— கையை வெளில எடுங்க ஹலினா. இந்த அறைல நீங்களும் நானும்தான் இருக்கோம்.

— அங்க அத்தனை பேர் முன்னாடி எடுக்காதவ, இங்க எடுத்துருவேனா மேயர்?

— இதபாருங்க, தெளிவாப் பேசுவோம். டென்மார்க் குடியுரிமை வேணும்னா விழாவுல மேயருக்குக் கை கொடுக்கணும். கையுறை கூடாது, வெறும் கை. சட்டம் அது. இன்னிக்கு வந்த எல்லாரும் கொடுத்தாங்க. நீங்க மட்டும் கோட்டுப் பைக்குள்ள கைய விட்டுக்கிட்டு சிலையாட்டம் நின்னா என்ன அர்த்தம்?

— கொடுக்க மாட்டேன்னு அர்த்தம்.

— ஆம்பளை கையத் தொட்டா சாமி கோவிச்சுக்குமா? போலந்துல அப்படி ஒரு வழக்கம் இருக்கிறதா நான் கேள்விப்பட்டதே இல்லையே.

— எனக்குச் சாமியே கிடையாது. கடவுள் இல்லேன்னு ஒரு புத்தகம் எழுதினீங்களே, அதை விழுந்து விழுந்து சிரிச்சுப் படிச்சவ நான். பாதிரியாருங்க பத்தின அத்தியாயம் பிரமாதம்.

— சந்தோஷம். அப்ப என்னதான் பிரச்சினை?

— அதுக்கப்புறம் வந்த புத்தகம்.

— ஐரோப்பிய ஒன்றியத்தைத் திட்டினா உங்களுக்கு எங்க வலிக்குது? நம்ம கடல் மீனுக்கு பிரஸ்ஸல்ஸ்ல உக்காந்திருக்கிறவன் கணக்குச் சொல்றான்னு எழுதினேன். பொய்யா?

— திட்டுங்க, நல்லாத் திட்டுங்க, நான் ஏன் கேக்கப்போறேன். நான் சொல்றது மோதிரக் கதைய. ‘எல்லைக் கதவைத் திறந்துவிட்டோம். போலந்திலிருந்து ஒருத்தி முதியோர் இல்லத்துக்கு வேலைக்கு வந்தாள். சாகக் கிடந்த என் அம்மாவின் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றிக்கொண்டாள்.’ உண்டா இல்லையா?

— பேரு போடலையே நான்.

— அந்த இல்லத்துல போலந்துக்காரி நான் ஒருத்திதான் மேயர். உங்கம்மாவக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, தலை வாரிவிட்டவ நான். இன்னிக்கு வரைக்கும் மருந்து அலமாரிச் சாவிய எங்கிட்ட யாரும் தர்றதில்ல. என் மகனப் பள்ளிக்கூடத்துல ‘மோதிரம்’னுதான் கூப்பிடுறாங்க. அவன் சாப்பிடாம வந்து படுத்துக்கிறான். வயிறு எரியுது எனக்கு.

— பிரெபென், நான்தான், வீபெகெ. உள்ள வரலாமா? காபி ஆறிப்போச்சு. பசங்க கேக்கை நோண்ட ஆரம்பிச்சாச்சு. பத்திரிகைக்காரரு வேற, மேயரோட செயலாளர் நீதானேன்னு என்னப் போட்டுத் துளைக்கிறாரு.

— அஞ்சு நிமிஷம் வீபெகெ. மதம் அது இதுன்னு எதையாவது உளறி வச்சிராத.

— ஐயையோ, சொல்லியாச்சே! வேற எதுக்கு ஒரு பொம்பள கை கொடுக்க மாட்டேங்கப் போறான்னு...

— போ, கதவ சாத்து... கேட்டீங்களா ஹலினா? நாளைக்குப் பேப்பர்ல நீங்க மதவெறி புடிச்சவ. அதை நிறுத்தணும்னா கைய நீட்டுங்க.

— நீட்டுறேன். மொதல்ல மைக்ல போய் ‘மோதிரத்தை ஹலினா எடுக்கல’ன்னு சொல்லுங்க.

— தேர்தலை வச்சுக்கிட்டு, என் புத்தகம் பொய்யின்னு நானே சொல்லணுமா? இதபாருங்க, நீங்க எடுக்கலேன்னா அது எங்க போச்சு?

— தெரியும். சொல்ல மாட்டேன்.

— தெரியுமா! சொல்லிட்டா உங்க பேரு இந்த நிமிஷமே சுத்தமாயிருமே!

— உங்கம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன். ‘என் மகனுக்குத் தெரியக் கூடாது, அவன் மனசு ஒடிஞ்சிரும்’னாங்க. என் கையப் புடிச்சுக்கிட்டுக் கேட்டாங்க. இந்தக் கைதான், இந்தப் பைக்குள்ள இருக்கிற கை.

— செத்துப்போனவங்களுக்குக் கொடுத்த வாக்குக்காகக் குடியுரிமைய விடுறீங்களா? பைத்தியமா உங்களுக்கு?

— நம்ம நாடு நம்ம மக்கள்னு மொத மொத எழுதினீங்களே, அந்தப் புத்தகத்தை வச்சுத்தான் நான் டேனிஷ் படிக்கவே கத்துக்கிட்டேன். ‘நம்மவன் கை கொடுத்துவிட்டால் அது பத்திரம் எழுதிய மாதிரி, வேறு சாட்சி வேண்டாம்.’ நீங்க எழுதினதுதான். நான் நம்பிட்டேன்... ஏன் மேயர், உக்காந்துட்டீங்க? தண்ணி தரட்டுமா?

— ஞாயித்துக்கிழமையானா நீங்கதானே அவங்கள சக்கர நாற்காலில வச்சுத் தேவாலயத்துக்குத் தள்ளிக்கிட்டுப் போவீங்க?

— அது... அது யாரு சொன்னா உங்ககிட்ட?

— அப்பா கடல்ல மூழ்கிப் போனதுலேர்ந்து, கடவுள்னு யாராவது ஆரம்பிச்சா அம்மா எழுந்து போயிருவாங்க. கடவுள் இல்லேங்கிற புத்தகத்தை அவங்களுக்குத்தான் சமர்ப்பணம் பண்ணினேன். ‘எவனுக்கும் தலை குனியாத என் அம்மாவுக்கு’ன்னு மொதப் பக்கத்துலயே போட்டேன். அவங்களே அங்க போய்த் தலை குனிஞ்சாங்கன்னு தெரிஞ்சா ஊரு கைகொட்டிச் சிரிக்காதா? எனக்கு வெக்கமா இருந்துச்சு ஹலினா.

— மோதிரத்தைப் பத்தி நான் ஒரு வார்த்தையும் சொல்லல மேயர். சொல்ல மாட்டேன்.

— நீங்க சொல்லவே வேணாம். கடல்ல போனவங்க ஞாபகமா தேவாலயத்துல ஒரு மரக்கப்பல் தொங்குதுல்ல, அதைச் சரி பண்ணச் சொல்லி அம்மா மோதிரத்தைக் கழட்டிப் பாதிரியார்கிட்ட கொடுத்திருக்காங்க. அவருக்கு அதை வச்சுக்க மனசில்ல. அடக்கத்தன்னிக்கே கல்லறை வாசல்ல வச்சு எங்கிட்ட கொடுத்துட்டாரு.

— அடக்கத்தன்னிக்கா? அப்ப... அந்தப் புத்தகத்தை அதுக்கப்புறம்தானே எழுதினீங்க?

— அந்தப் பக்கத்தை எழுதுறப்போ மோதிரம் என் மேசை மேலதான் இருந்துச்சு.