புகார்தாரரின் தலையில் பால் ஊற்றிய விவரம்

என் பெயரும் விலாசமும் இந்தத் தாளின் தலைப்பில் எழுதப்பட்டுள்ளன. வயது நாற்பத்தொன்று. பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில் துணி வெட்டும் பிரிவில் வேலை செய்கிறேன். ஸ்டேஷனுக்கு வர மறுத்ததால், ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபடி இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். புகார்தாரர் என் கணவரின் கூடப்பிறந்த அண்ணன். அவரை மாமா என்று கூப்பிடுவேன். அப்படிக் கூப்பிட்டதற்கு இப்போது வெட்கப்படுகிறேன் என்பதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

மாமாவுக்கு ஊருக்கு வெளியே மாட்டுப் பண்ணை இருக்கிறது. காய்ச்சாத பாலைக் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து, இயற்கைப் பால் என்று பேர் வைத்து, காரில் வருகிறவர்களுக்கு விற்கிறார். கறப்பது, சாணி அள்ளுவது, மாட்டுக்குப் பிரசவம் பார்ப்பது எல்லாம் என் கணவர். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்பது மாமா.

போன மழைக்காலத்தில் பண்ணை மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக மாதம் நிறையாமலே கன்று வீசின. மாட்டு டாக்டரைக் கூப்பிட்டால் விஷயம் வெளியே போய்விடும் என்று மாமா கூப்பிடவில்லை. நஞ்சுக்கொடி விழாத மாடுகளுக்கு என் கணவர் வெறுங்கையை உள்ளே விட்டு எடுத்தார், செத்த கன்றுகளை வேலியோரம் புதைத்தார். அதன்பிறகு அவருக்குச் சாயங்காலமானால் காய்ச்சல், முதுகுவலி, பாயே நனைகிற வியர்வை. மாமா தன் காரில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். நானும் வருகிறேன் என்றதற்கு, "நீ எதுக்கும்மா லீவு போட்டுக்கிட்டு, நான் பாத்துக்கறேன்ல" என்றார். பார்த்துக்கொண்ட லட்சணம் பின்வருமாறு.

ஆடு மாடு வளர்க்கிறீர்களா, பச்சைப் பால் குடிப்பீர்களா என்று டாக்டரம்மா கேட்டபோது மாமா முந்திக்கொண்டு, "அதெல்லாம் இல்லீங்க, தம்பி என் ஆபீஸ்ல உக்காந்த வேலை" என்று சொல்லியிருக்கிறார். என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறார். அண்ணன் பேசும்போது அவர் வாயைத் திறந்ததே கிடையாது. பெண் பார்க்க வந்தபோது என்னைப் பிடித்திருக்கிறது என்று சொன்னதும் மாமாதான். அதன்பிறகு ஆஸ்பத்திரிக்குப் போன தடவையெல்லாம் இதே கதை. மாசக்கணக்கில் வேறு ஏதேதோ காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார்கள்.

இந்த மாதம் அவர் மாடிப்படியில் பாதியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். நானே ஆட்டோ பிடித்து அழைத்து வந்தேன். டாக்டரம்மா அதே கேள்வியை என்னிடம் கேட்டார். "மாடுதாங்க அவருக்குப் பொழப்பே" என்றேன். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என் கணவரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். அதன்பிறகு ரத்தத்தைச் சோதித்து, மாடுகள் கன்று வீசக் காரணமான அதே கிருமிதான் இவருக்கும் தொற்றியிருக்கிறது, அது இதய வால்வில் ஒட்டிக்கொண்டு அதை அரித்துவிட்டது, ஆரம்பத்தில் தெரிந்திருந்தால் மாத்திரையிலேயே போயிருக்கும், இனி வால்வை மாற்ற வேண்டும், உயிருக்கு உறுதி சொல்ல முடியாது என்று சொன்னார்.

அன்றே பண்ணைக்குப் போனேன். பால் வாங்க வந்தவர்களுக்கு நடுவில் மாமா நின்று, குழந்தைகளுக்கு இதைவிட நல்லது உலகத்திலேயே இல்லை என்று பேசிக்கொண்டிருந்தார். கேனிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு, "குடிங்க மாமா" என்றேன். சிரித்தார். மறுபடி சொன்னேன். தொண்டை சரியில்லை என்றார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனுஷன் உதட்டில்கூட வைக்கவில்லை. தம்பிக்குத் தினமும் கறந்த சூட்டில் கொடுத்த பால் அது. அதன்பிறகு கேனைத் தூக்கி அவர் தலையில் கவிழ்த்தேன். புகாரில் மூன்று கேன் என்று இருப்பது பொய். ஒன்றுதான். மூன்றைத் தூக்க எனக்குத் தெம்பில்லை.

மன்னிப்புக் கேட்டால் புகாரை வாபஸ் வாங்குவதாகப் புகார்தாரர் தெரிவித்திருப்பது குறித்து விசாரிக்கப்பட்டேன். அந்த ஆளிடம் கேட்க மாட்டேன். நேற்று என் கணவரும் இதையே சொன்னார். "அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுடு. இல்லன்னா எனக்கு உள்ள போக மனசு வராது" என்றார். சாகக் கிடக்கும்போதும் அண்ணன்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரையே அறைந்திருப்பேன், உடம்பெல்லாம் ஊசி குத்தியிருந்ததால் விட்டேன்.

இன்று காலை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது, "கேட்டியா?" என்றார். "கேட்டுட்டேங்க" என்றேன். "அண்ணன் என்ன சொன்னாரு?" என்றார். "என் தம்பி நல்லபடியா திரும்பி வரணும்னு அழுதாரு" என்றேன். அவர் முகம் அப்படியே தெளிந்தது. அதன்பிறகு கதவைச் சாத்தினார்கள். இன்னும் திறக்கவில்லை.

அவர் பிழைத்து வந்தால் இந்தத் தாளை அவருக்கு மட்டும் காட்டக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நின்று அவரிடம் சொன்ன இரண்டும் பொய். மற்றபடி நான் இங்கே சொன்னது முழுவதும் நடந்தது நடந்தபடியே. எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, சரியாக இருப்பதால் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
புகார்தாரரின் தம்பி மனைவி