பள்ளி வாசலில் நிற்கும் கமரா

அவையை நடத்தும் தலைவர் கைலாசபதி ஐயா அவர்களே! அவரருகே அமர்ந்திருக்கும் ஆன்றோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் வந்திருக்கும் அன்னையரே! வீதியை ஆளும் சாரதிகளே! மடத்துவெளி மக்களே! ஆசிரியை சிவப்பிரியாவின் அன்பு வணக்கம்.

நமது பள்ளி வாசலில் மூன்று மாதங்களுக்கு முன் பூட்டிய, வேகமாய்ப் போகும் வாகனத்தைப் படம் பிடிக்கும் கமராவைக் கழற்றச் சொல்லிச் சிலர் கையெழுத்து வாங்கித் திரிகிறார்கள். கழற்றலாமா? கழற்ற மனம் வருமா?

சென்ற ஆண்டு ஆனி மாதம். காலை ஏழேகால். ஐந்தாம் வகுப்பு லோஜனா வீதியைக் கடக்கிறாள். குறிகட்டுவான் துறையில் நயினாதீவுப் படகைப் பிடிக்கப் பறந்து வந்த வான் வண்டி அவளைத் தூக்கி எறிந்தது. ஓடிப்போய் மடியில் எடுத்தவள் நான். இரண்டு கால்களும் முறிந்திருந்தன.

ஓட்டியவர் யார்? எங்கிருந்தோ வந்த அரக்கனா? நம்மூர் துஷ்யந்தன்! ஆஸ்பத்திரி வாசலில் தலையிலடித்து அழுதார்.

"பள்ளிக்கூடப் போர்ட்டைக் கண்டனான், ரீச்சர். ஆர் பாக்கப்போகினம் எண்டு வேகத்தை அமத்தி ஓடினனான்."

யார் பார்க்கப் போகிறார்கள்! அந்த ஒரு வார்த்தைக்காகவே கமரா கேட்டு அலைந்தோம். அலுவலகம் அலுவலகமாய் அலைந்தோம். பதினொரு மாதம் அலைந்தோம். கமரா வந்தது.

முதல் வாரமே பொலிஸ் கடிதமும் வந்தது. யாருக்கு? எனக்கு! என் மோட்டார் சைக்கிள், மணிக்கு ஐம்பத்தெட்டுக் கிலோமீற்றர். சிரிக்கிறீர்கள், சிரியுங்கள்! அந்தப் பிள்ளையை மடியில் ஏந்தியவள், பாடசாலைக்குப் பிந்திவிட்டதென்று அதே இடத்தால் பறந்திருக்கிறேன். கமரா பிடித்த படத்தோடு போய்த் தண்டப்பணத்தைக் கட்டினேன்.

பின்னாலிருந்து ஒருவர் கேட்கிறார், "படகு விட்டிட்டால் என்ன செய்யிறது?" என்று. அண்ணை, பத்து நிமிடம் முந்தி வெளிக்கிடுங்கோ!

துஷ்யந்தனிடமும் கையெழுத்துக் கேட்டுப் போனார்களாம். "என்னட்டை மட்டும் கேக்காதையுங்கோ" என்று படலையைச் சாத்திவிட்டார்.

லோஜனா இன்று நடக்கிறாள். ஆனால் வாகனச் சத்தம் கேட்டால் வீதியின் நடுவிலேயே உறைந்து நிற்கிறாள். ஓடச் சொன்னாலும் அவளால் ஓட ஏலாது. அவள் நிற்கும்போது நாம் நிற்க வேண்டாமா? நம் வேகம் நிற்க வேண்டாமா? கமரா அங்கேயே நிற்கட்டும் என்பவர்கள் கையை உயர்த்துங்கள்! இன்னும் உயர்த்துங்கள்! ஐயா, எண்ணிக்கொள்ளுங்கள்!

பொறுமையோடு கேட்டீர்கள், நன்றி. வெளியே பிள்ளைகள் வீடு போகிறார்கள். மெதுவாக ஓட்டிப் போங்கள். வணக்கம்.