திங்கட்கிழமை வாற பிள்ளை

இல்லை அக்கா, அவளிலை ஒரு பிழையும் இல்லை. பதமான கை. நான் கேக்கிறது ஒண்டுதான். திங்கட்கிழமை அவள் இந்த அறைக்குள்ளை வந்தால், எனக்கு உந்தப் பிள்ளை வேண்டாம், எப்பவும் வாற யோகமலர்தான் வந்து குளிக்க வாக்கவேணும் எண்டு ஒரு சொல்லுச் சொல்லிவிடுங்கோ. பொறுப்பாளர் லோனவிட்டையும் அப்பிடியே சொல்லுங்கோ. இந்த வயோதிபர் இல்லத்திலை இருக்கிற ஆக்கள் வேண்டாம் எண்டால் வேண்டாந்தான். ஏன் எண்டு கூடக் கேக்க மாட்டினம்.

பொறுங்கோ, முதல் வடிவா இருங்கோ. புதுக் கதிரைதான், வழுக்காது. அந்த ஏலாத கையாலை பிடியைப் பிடியுங்கோ. ஓம், உதுதான். உந்த வளைஞ்ச இடத்துக்குள்ளை சின்னவிரலைக் கொழுவுங்கோ. பாத்தியளே, பெலனில்லாத கையும் தன்ரபாட்டிலை நிக்குது.

தண்ணி காணுமே? கொஞ்சம் சூடாக்கட்டே?

நான் லோனவிட்டைச் சொல்லலாந்தான். சொன்னால் என்னட்டை ஏன் எண்டு கேப்பா. கேட்டால் நான் அழுதுபோடுவன். பிறகு அவ மகளைக் கூப்பிட்டு இருத்திக் கதைப்பா. இந்த டெனிஷ்காரருக்கு எல்லாத்தையும் இருத்திக் கதைக்க வேணுமெல்லே.

ஓம் அக்கா, என்ர மகள்தான். சாரங்கி. லீவிலை போறவைக்குப் பதிலா ரெண்டு மாசம் நிக்க வாறாள். நான்தான் கேட்டு எடுத்துக் குடுத்தனான். நானே எடுத்துக் குடுத்துப்போட்டு, இப்ப நானே உங்களிட்டை வரவிடாதேங்கோ எண்டு நிக்கிறன். விசரி எண்டுதானே பாக்கிறியள்? பாருங்கோ. இவரும் வீட்டிலை அப்பிடித்தான் பாக்கிறார்.

அவளை உங்களுக்குத் தெரியும். ரெண்டு வருசத்துக்கு முதல் எங்கட சங்க விழாவிலை பொன்னாடை போத்தினவையெல்லே, நீங்களும் முன்வரிசையிலை இருந்தனீங்கள். ஓமோம், அந்த நெடுவல் பிள்ளை. லண்டனிலை டிசைன் படிச்சவள். உடுப்பு இல்லையக்கா. மனிசர் கையாலை தொடுற சாமான் எல்லாம் எப்பிடி இருக்கவேணும் எண்டு படிக்கிறது. அதை அண்டைக்கு ஒருத்தருக்கும் விளங்கப்படுத்தேலாமல் போச்சு. விமலராணி வந்து, என்ர பெட்டையின்ர சாமத்திய வீட்டுக்கு பிளவுஸ் தைச்சுத் தருவாளோ எண்டு கேட்டவ. மைக் பிடிச்சவர் எஞ்சினியர் எண்டு சொன்னார். எங்கட இவர் அதைத் திருத்தேல்லை. சிரிச்சுக்கொண்டு நிண்டவர்.

அங்கை இங்கிலாந்திலை படிக்கிற பிள்ளையளுக்கு வருசா வருசம் ஒரு போட்டி நடக்கும். செய்த சாமானைக் கொண்டுபோய் வைக்கவேணும், பெரிய பெரிய ஆக்கள் வந்து பாப்பினம். அதிலை இவளுக்குத்தான் முதல் பரிசு. ஒரு கண்ணாடிக் கட்டியும் குடுத்து, ஒரு கொம்பனியிலை ஆறு மாசம் நிண்டு வேலை பழக இடமும் குடுத்தவை. அந்த இடந்தான் பரிசே. கண்ணாடிக் கட்டி சும்மா.

என்ன செய்தவளெண்டோ? ஏலாத ஆக்களுக்கு ஒரு கைப்பிடி. அதுக்காக ஒரு லீவுக்கு இஞ்சை வந்து நிக்கேக்கை குசினி மேசையிலை களிமண் உருண்டையள் அடுக்கி வைச்சாள். நான் வேலையாலை வந்து சப்பாத்தும் கழட்டேல்லை. மோர், இதை இறுக்கிப் பிடி எண்டாள். அவள் என்னோடை டெனிஷிலைதானே கதைக்கிறவள், அம்மாவுக்கு மோர் எண்டுதான் சொல்லுவாள். பிள்ளை, என்ர கை வடிவில்லாத கை, இந்தா பார், சின்னவிரல் கோணல், மீன் பக்டரியிலை பெல்ட்டுக்குள்ளை போன விரல், அப்பாவைப் பிடிக்கச் சொல்லு எண்டன். இல்லை, உன்ர கைதான் வேணும் எண்டாள். நான் ஒன்பதாம் வகுப்போடை நிண்டவள் அக்கா. என்னட்டை இருந்து ஒரு படிப்புக்கு ஒரு சாமான் போகும் எண்டு நான் நினைச்சும் பாக்கேல்லை. இருவது முப்பது உருண்டை பிடிச்சிருப்பன். அண்டைக்குச் சமைக்கவும் இல்லை. பாண்தான் சாப்பிட்டனாங்கள்.

முதுகைக் கொஞ்சம் முன்னுக்குக் குடுங்கோ. ஆ, அப்பிடி.

கொம்பனியிலையோ? முதல் கிழமை ஒவ்வொரு நாளும் போன் எடுத்தவள். செய்ததைக் காட்டினாளாம், சுத்திவர நிண்டு படம் எடுத்தவையாம். பிறகு ஒருநாள் கூப்பிட்டு, இது சரிவராது, கோணலா இருக்கு, ஒருத்தரும் வாங்க மாட்டினம் எண்டிட்டினம். அதுக்குப் பிறகு கொம்பனிப் புத்தகத்துக்குப் படங்களுக்கு நிறம் மாத்துற வேலை. மிச்சம் முழுக்க அதுதான். போன் எடுக்கிறதும் குறைஞ்சுது.

அதோடை விட்டாங்களே? சாப்பாட்டு மேசையிலை ஒருத்தன் பகிடியாச் சொன்னவனாம், உனக்குப் பரிசு தந்தவைக்கு அந்தச் சாமான் பிடிக்கேல்லை, அகதியா வந்த உன்ர அம்மான்ர கதைதான் பிடிச்சது எண்டு. எல்லாரும் சிரிச்சவையாம். கடைசி நாள் கேக் வெட்டி, எல்லாரும் பேர் எழுதின கார்டும் குடுத்துத்தான் அனுப்பினவை. மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

வந்தவள் மேல் அறைக்குப் போனவள்தான். வரைஞ்சது எல்லாத்தையும் கடதாசித் தொட்டிக்குள்ளை போட்டாள். நான் போய் எடுக்கப் பாத்தன், தொட்டி வாய்க்குள்ளை கை போகேல்லை. கண்ணாடிக் கட்டி இப்ப யன்னல் அடிக்காமல் இருக்க முட்டுக் குடுத்திருக்கு. ஒரு வருசம் அக்கா. ஆர் கேட்டாலும் லண்டனிலை நிக்கிறாள் எண்டு சொன்னம். ஆரும் வீட்டை வந்தால் நான் ரீவியைக் கூட்டி வைக்கிறது, மேலை நடக்கிற சத்தம் கேக்கக்கூடாதெண்டு. அம்மா, எனக்கு ஒரு திறமையும் இல்லை, பாவம் பாத்துத் தந்திட்டினம் எண்டு ஒருநாள் தமிழிலை சொன்னாள். தமிழிலை, அக்கா. அதுதான் எனக்குப் பயம் பிடிச்சது.

ஓம், டொக்டரிட்டையும் போனது. குளிசை போடுறாள். இப்ப பறவாயில்லை. கீழை வந்து எங்களோடை இருந்து சாப்பிடுறாள். போன மாசம் தானாத்தான் கேட்டவள், உன்ர வேலையிடத்திலை ஆக்கள் எடுக்கினமோ எண்டு. நான் ஓடிப்போய் லோனவின்ர கையைப் பிடிச்சன். வெள்ளைச் சட்டையும் வாங்கியாச்சு. நேற்றுப் போட்டுப் பாத்தவள்.

எல்லாம் சரியாத்தான் வந்தது. பிறகு வியாழக்கிழமை உங்களுக்கெண்டு நகரசபையாலை கொம்யூன்காரன் இந்தக் கதிரையைப் பெட்டியோடை கொண்டந்து வைச்சிட்டுப் போனான். நான்தான் வெட்டிப் பிரிச்சது. இங்கிலாந்திலை இருந்து வந்திருக்கு. கொம்பனியின்ர பேரைப் பாத்தன், அதே பேர். சரி, கொம்பனி எண்டால் ஆயிரம் சாமான் செய்யுந்தானே எண்டுபோட்டுக் காலைப் பூட்டினன், முதுகைப் பூட்டினன். பிறகு சரியா நிக்குதோ எண்டு பிடியிலை கையை வைச்சு அமத்திப் பாத்தன்.

ஒரு இடமும் இடிக்கேல்லை அக்கா. எனக்கு எந்தக் கைப்பிடியும் இடிக்கிறது, சைக்கிளும் இடிக்கும், தும்புத்தடியும் இடிக்கும். இது இடிக்கேல்லை. விரல் தன்ரபாட்டிலை போய்த் தன்ர இடத்திலை இருந்துது, அண்டைக்கு அந்தக் களிமண்ணுக்குள்ளை இருந்தமாதிரி. நான் இந்தக் குளியலறை நிலத்திலை குந்திட்டன்.

இப்ப விளங்குதே? மற்ற அறையளிலை எல்லாம் பழைய கதிரை. உங்கட அறை ஒண்டுதான்.

சொல்லத்தான் வேணும். அது நல்ல சாமான் எண்டு அவளுக்குத் தெரியத்தான் வேணும். ஆனா சரிவராது எண்டு அவங்கள் பொய் சொன்னதும் அதோடை சேந்தெல்லே தெரியவரும். அவள் திரும்ப மேலை ஏறிப் போனால் நான் என்ன செய்யிறது? ரெண்டு மாசம் போகட்டும் அக்கா. கொஞ்சம் சதை பிடிக்கட்டும். அதுவரைக்கும் நீங்கள் பிடிவாதக்காரி எண்டு பேர் எடுத்தாலும் பறவாயில்லை.

ஐயோ, ஏன் கையை எடுத்தனீங்கள்? விழப்போறியள். பிடியுங்கோ, இறுக்கிப் பிடியுங்கோ. என்ர கையெண்டாலும் எனக்கு நோகாது. கண்ணை மூடுங்கோ, தலைக்கு வாக்கப்போறன்.