பத்தடி தள்ளி ஒரு பெஞ்சு

வியாழக்கிழமை மதியத்துக்கு மேல் எனக்குக் கல்லூரியில் வகுப்பு கிடையாது. எல்லாம் வியாழக்கிழமையில் நடந்ததற்கு அதுதான் காரணம். என் நோட்டில் இருக்கும் தேதிகளை விசாரிக்க வந்த நீங்கள் பென்சிலால் சுழித்து வைத்திருக்கிறீர்கள். அதில் வேறு சூட்சுமம் ஒன்றும் இல்லை.

இருபத்தாறு வருடமாகத் திருச்சியில் வேதியியல் நடத்துகிறேன். வீடு இதே ஸ்ரீரங்கத்தில்தான், வடக்கு உத்தர வீதி. எழுபத்தொன்றில் பம்பாய்க்குப் போய்க் கதிர்வீச்சை அளக்க ஒரு வருடம் பயிற்சி எடுத்தேன். இந்த வட்டாரத்தில் அந்தப் படிப்புப் படித்தவர்கள் குறைவு. அதனால் செம்மணல்கரை அணுமின் நிலையத்து வேலைக்கு ‘வேதாந்தம் சார்தான் சரி’ என்று என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்.

எண்பத்தாறில் ரஷ்யாவில் உலை வெடித்ததும் இங்கேயும் பாதுகாப்புக் கருவிகளை மாற்றுவது என்று முடிவானது. அதில் முக்கியமானது காற்று வடிகட்டி. விபத்து நேர்ந்தால் உள்ளே இருக்கும் நஞ்சு வெளியே போகாமல் அதுதான் பிடித்து வைக்கும். புதியதைப் பொருத்துவதால் மண்ணுக்கோ தண்ணீருக்கோ வேலை செய்கிறவர்களுக்கோ கெடுதல் உண்டா என்று ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கை என் பொறுப்பு. வடிகட்டிக்கான எஃகுச் சட்டங்களை அரியமங்கலத்தில் ஒரு பட்டறை செய்துகொண்டிருந்தது. அளவு பார்ப்பதற்காக நிலையத்திலிருந்து பழைய சட்டம் ஒன்றையும் அங்கே அனுப்பியிருந்தார்கள்.

அந்த வருடம் ஆகஸ்ட் ஏழாம் தேதி பட்டறைக்குப் போனேன். கையிலிருந்த கதிர்வீச்சு அளவுமானி வாசலிலேயே லேசாகச் சத்தம் போட்டது. பழைய சட்டம்தான் என்று நினைத்தேன். அதன் அருகே கொண்டுபோனேன், சத்தம் குறைந்தது. வெல்டர் சவரிராயன் எனக்கு ஸ்டூல் எடுத்துக்கொண்டு வந்தார். அவர் நெருங்க நெருங்க மானி வீறிட்டது.

“என்னங்க சார் இப்படிக் கத்துது?” என்றார்.

“பேட்டரி இறங்கிப் போயிடுத்து” என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. வாயில் முதலில் வந்தது அதுதான்.

அவர் சிரித்துவிட்டு, “பழைய சட்டத்துக்குள்ள இது கிடந்துச்சு சார். நல்லா பளபளன்னு இருக்கு” என்று சட்டையின் இடது பையிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். விரல்கணு அளவு உலோகத் துண்டு. கதிர்வீச்சு வெளியிடும் அதை நிலையத்தில் மானிகளைச் சரிபார்க்க வைத்திருப்பார்கள். எப்போதோ சட்டத்துக்குள் விழுந்து, கணக்கில் யாரும் கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள். பத்து நாளாக அது அவர் நெஞ்சின் மேல் இருந்தது.

அன்று நான் எண்ணிப்பார்த்ததைச் சொல்கிறேன். உண்மையை எழுதினால் எல்லாம் நின்றுபோகும். விசாரணை, பத்திரிகை, ஊர்வலம். புதிய வடிகட்டி ஒரு வருடம் தள்ளிப்போகும். அதுவரை நிலையத்தைச் சுற்றியுள்ள ஐம்பது கிராமங்களுக்கு யார் காவல்? ஒரு பக்கம் ஒரு மனிதர், மறு பக்கம் ஐம்பது கிராமம். நீங்கள் என் இடத்தில் இருந்தாலும் இப்படித்தான் நிறுத்துப் பார்த்திருப்பீர்கள்.

செப்டம்பரில் அறிக்கை கொடுத்தேன். ‘பாதிப்பு எதுவும் காணப்படவில்லை’ என்று எழுதினேன்.

ஆனால் அவரை நான் கைவிடவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வியாழனும் போனேன், மொத்தம் பன்னிரண்டு முறை. பத்தடி தள்ளி பெஞ்சைப் போடச் சொல்லி, அங்கே உட்கார்ந்துதான் பேசுவேன். பத்தடியில் கால் மணி நேரம் இருந்தால் கெடுதல் குறைவு. சவரிராயன் வேறு மாதிரி புரிந்துகொண்டார். ஸ்ரீரங்கத்து ஐயங்கார், ஆசாரம் பார்க்கிறார், அதனால் தள்ளி உட்காருகிறார் என்று. ஒரு நாள் பட்டறை ஆட்களிடம் அவரே, “சாருக்குப் பக்கத்துல போகாதீங்கப்பா, அவுங்க வழக்கம் வேற” என்று சொன்னார். நான் திருத்தவில்லை.

மூன்றாவது வாரம் அவருக்கு வாந்தி. நான்காவது வாரம் இடது மார்பில் ரூபாய் அளவுக்கு ஒரு சிவப்பு. ஆறாவது வாரம் அது கொப்பளித்துப் புண்ணானது. எட்டாவது வாரம் பட்டறைக்கு வர முடியவில்லை. காட்டூரில் அவர் வீட்டுக்குப் போனேன். எல்லாம் நோட்டில் இருக்கிறது. இவ்வளவு ஒழுங்காக நாட்டில் வேறு யாரும் எழுதி வைத்திருக்கமாட்டார்கள்.

அவர் மனைவி இருதயமேரி என்னைப் பார்த்ததும் அழுதாள். “டாக்டரு வெல்டிங் பொறி பட்ட புண்ணுங்கிறாரு சார். பொறி பட்டா முடி கொட்டுமா? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க சார்.”

“டாக்டர் சொல்றதைக் கேளும்மா” என்றேன்.

அந்தத் துண்டு மாதா படத்துக்குக் கீழே, மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் இருந்தது. வேலைக்குப் போகாத நாளில் சட்டைப்பையில் எதற்கு என்று அவள் அங்கே எடுத்து வைத்திருந்தாள். அவள் பாய் போட்டுப் படுப்பது அந்தச் சுவரை ஒட்டித்தான். அளவுமானியை நான் பையிலிருந்து வெளியே எடுக்கவில்லை. எடுத்தால் சத்தம் கேட்கும்.

அக்டோபர் கடைசியில் சவரிராயன் போய்விட்டார். கல்லறைத் திருநாளுக்கு நாலு நாள் இருந்தது. அடக்கத்துக்குப் போயிருந்தேன். எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். என்னால் பத்தடிக்கு மேல் நெருங்க முடியவில்லை. அப்போது அவர் உடம்பில் ஆபத்து ஒன்றும் இல்லை, அது எனக்குத் தெரியும். கால் நகரவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் அந்தத் துண்டை நீண்ட இடுக்கியால் எடுத்து ஈயச் சிமிழில் போட்டுக் கொண்டுவந்தேன். நீங்கள் கேட்காமலே சொல்கிறேன், அந்தச் சிமிழ் எங்கள் கல்லூரி அலமாரியில் ஏழு வருடமாக இருக்கிறது. முதல் வியாழக்கிழமையே எடுத்துப் போயிருக்கலாம். ஆனால் அந்தத் துண்டை எதற்குக் கேட்கிறேன் என்று அவரிடம் சொல்ல வேண்டியிருக்கும்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு தொந்தரவு. மானியின் அந்தச் சத்தம் கேட்கிறது. பெரிய பெருமாள் சந்நிதியில் கூட்டத்தோடு நிற்கும்போது, எனக்கு முன்னால் நிற்பவரிடமிருந்து வருகிறது. ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவேரிப் பாலம் ஏறும்போது, இடது பையில் கை வைத்த யாராவது ஒருவர் நான் பார்க்கும் இடத்தில் நிற்கிறார். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்து இடம் விடுகிறார், அவுங்க வழக்கம் வேற என்பதுபோல. என் மனைவி பூமா, “சாப்பிடறச்சே என்ன எண்ணிண்டே இருக்கேள்?” என்று கேட்கிறாள். அந்தச் சத்தத்தைத்தான் எண்ணுகிறேன். ஒரு நிமிடத்துக்கு எத்தனை என்று தெரிந்தால்தான் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்று கணக்கிட முடியும். வாரா வாரம் எண்ணிக்கை கூடிக்கொண்டு வருகிறது.

நேற்று போகும்போது வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்டீர்கள். “அந்த மூணு மாசமும் உலை ஓடிக்கிட்டிருந்துச்சா சார்?” இன்று சொல்கிறேன்.

ஓடவில்லை. கருவிகளை மாற்றுவதற்காக மே மாதமே உலையை நிறுத்திவிட்டார்கள். புதிய வடிகட்டி வந்து, பரிசீலனை முடிந்த பிறகுதான் மறுபடி ஓட்டுவதாக இருந்தது. என் அறிக்கையின் முதல் பக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன். ஒரு வருடம் தள்ளிப்போயிருந்தால் அந்த ஐம்பது கிராமங்களில் ஒரு கோழிக்குஞ்சுக்குக்கூட ஆபத்து இல்லை. ஆகஸ்ட் ஏழாம் தேதியே எனக்கு அது தெரியும்.

அப்படியானால் ஏன் என்று கேட்பீர்கள். ஆட்சேபணை இல்லாத அறிக்கை கொடுத்தால் டெல்லியில் அணுசக்திக் குழுவில் ஓர் இடம் கிடைக்கும் என்று ஒருவர் கோடி காட்டியிருந்தார். அது ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம் அதுவல்ல. ஒரு தொழிலாளியிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் போய், ‘நான் சொன்னது பொய், அதைத் தூக்கி எறிந்துவிட்டு நூறடி ஓடு’ என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. சவரிராயன் செத்தது அந்தக் கூச்சத்தால். நான்தான் கொன்றேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். இருதயமேரி இப்போது பெரியாஸ்பத்திரியில் இருக்கிறாள். ரத்தம் ஏற்ற ஏற்றக் குறைகிறதாம், அவளுக்கும் முடி கொட்டுகிறதாம். டாக்டர்களுக்குக் காரணம் பிடிபடவில்லை. போன வாரம்கூட, வேதாந்தம் சார் வந்தால் நல்ல யோசனை சொல்வார் என்று ஆள் அனுப்பியிருந்தாள். இந்த வாக்குமூலத்தை அங்கே யாரிடமும் காட்டாதீர்கள். பலவீனமான உடம்பு, அதிர்ச்சி தாங்கமாட்டாள்.