நைனா என்று கத்தினேன்

ஓடுகிறோம். பிஸ்கட் கம்பெனியின் பின்கதவு திறந்திருக்கிறது. வெளியே திடல். திடலுக்கு அந்தப் பக்கம் பஸ் நிற்கிறது. இஞ்சின் ஓடுகிறது. நடுவில் மறைந்துகொள்ள ஒரு முள்மரம் கூட இல்லை.

சத்தம் மூன்று விதம். துப்பாக்கி என்றால் வறுத்த மல்லாட்டைக் கடலையைத் தகரத்தில் கொட்டுகிற மாதிரி. பீரங்கி முதலில் உள்ளங்காலில் தெரியும். பிறகுதான் காதுக்கு வரும். மூன்றாவது சீழ்க்கை. அது கேட்டால் படுத்துவிட வேண்டும்.

"நிக்காதீங்கடா! பெட்டிய வுடு! ஓடு!"

கத்துவது நைனார். காய்ச்சலில் கிடந்த பீகார்க்கார வெல்டரைத் தோளில் சாய்த்துக்கொண்டு முன்னால் போகிறார். பின்னால் மற்றவர்கள். கடைசியில் நான். நைனார் பஸ்ஸை எட்டிவிட்டார். வெல்டரை உள்ளே தள்ளினார். தானும் படியில் ஏறினார். இதை என் கண்ணால் பார்த்தேன்.

என் செருப்பு வார் அறுந்தது. குப்புற விழுந்தேன். எங்கோ சீழ்க்கை.

"நைனா!" என்று கத்தினேன்.

நைனார் திரும்பினார்.

எனக்கு ஒரு கீறல் இல்லை. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். படிக்கிறவர்கள் என் உடம்பில் காயம் தேட வேண்டாம். ஊரில் எல்லோரும் தேடிவிட்டார்கள்.

அந்த நாட்டின் பெயரை எழுத மாட்டேன். பெயர் சொன்னால் டிவி பார்த்தவர்கள் எந்தப் பக்கம் நியாயம் என்று கேட்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே சத்தம்தான் போட்டது. எனக்குத் தெரிந்த அரசியல் அவ்வளவுதான்.

நான் சிங்கவரம். செஞ்சிக்குப் பக்கத்து ஊர். நைனார் மேல்சித்தாமூர். எங்கள் பக்கம் சமணர்களை நைனார் என்றுதான் கூப்பிடுவோம். அப்பாவை நைனா என்போம். கம்பெனியில் சேர்ந்த முதல் நாள் அவரை "நைனாரே" என்று கூப்பிட்டேன். பக்கத்தில் நின்ற வெளியூர்க்காரர்கள் காதில் பாதிதான் விழுந்தது. அன்றிலிருந்து பீகாரி, வங்காளி, அந்த நாட்டு ஃபோர்க்லிஃப்ட் டிரைவர், எல்லோருக்கும் அவர் நைனா. அவருக்கு ஒரே சிரிப்பு.

"வீட்ல ரெண்டு புள்ளைங்க நைனான்னுது. இங்க கம்பெனியே நைனான்னுது. எப்படா இத்தன பெத்தேன்?"

செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை மூட்டை ஏலம் எடுத்து வியாபாரம் செய்தவர். இரண்டு வருஷம் மழை ஏமாற்றியது. கம்பெனிக்கு வந்து அடுப்புப் பிரிவில் நின்றார். பிஸ்கட் வேகும் இடம். உள்ளே போனால் கண்ணிமை காயும். அந்தச் சூட்டில் பாடிக்கொண்டே வேலை செய்தவரை அவரைத் தவிர நான் பார்த்ததில்லை. குரல் கர்ணகொடூரம். நிறுத்தச் சொன்னால் இன்னும் சத்தமாகப் பாடுவார். யாராவது லீவு போட்டால் அந்த ஷிஃப்டையும் அவரே பார்ப்பார். வெள்ளிக்கிழமை லீவு. அன்று மகளுக்கு வீடியோவில் வாய்ப்பாடு. அவள் தப்பாகச் சொன்னால் இவர் அதைவிடத் தப்பாகச் சொல்லுவார். அவள் கத்தித் திருத்துவாள். அப்படித்தான் படிக்க வைத்தார்.

பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார். சமணர்கள் வழக்கம். நோன்பு மாதத்தில் உடன் வேலை செய்யும் முஸ்லிம்கள் பொழுது சாய்ந்த பிறகுதான் சாப்பிடுவார்கள். இவர் முடித்து எழுந்திருப்பார், அவர்கள் உட்காருவார்கள். "ஒரே பாய் போதும்பா நம்ம ரெண்டு மதத்துக்கும்" என்பார். அதை இந்தியில் சொல்லி, கை ஜாடையில் சொல்லி, எல்லோரையும் சிரிக்க வைத்தார்.

சண்டை ஒரு சனிக்கிழமை காலையில் தொடங்கியது. கரண்ட் போனது. மாவுக் கிடங்குக்குக் கீழே நிலவறை. அங்கே இறங்கினோம். எங்கள் அறையைச் சேர்ந்தவர்கள் ஏழு பேர். குடிக்க பாய்லர் தொட்டித் தண்ணீர். துரு கலந்த தண்ணீர். நைனார் தன் வேட்டியை நாலாக மடித்து வடிகட்டினார். வடிகட்டாமல் யாரையும் குடிக்க விடவில்லை. நிலவறையில் ஜன்னல் கிடையாது. படிக்கட்டில் நிற்பவனிடம் கேட்பார். "வெளிச்சம் இருக்குதா?" இல்லை என்றால் தன் பங்கு பிஸ்கட்டை எனக்குத் தள்ளுவார். "எனக்கு சூரியன் லீவு வுட்டுட்டான். நீ துண்ணு."

நான் தின்றேன். வேண்டாம் என்று ஒரு நாள் கூடச் சொல்லவில்லை.

கடைசியாக சிக்னல் கிடைத்தபோது வீட்டுக்குப் பேசினார். ஸ்பீக்கரில் பேசினார். அவர் மனைவி சுசீலா அக்கா அழுதார். அழுகையை மறைக்கக் கேலி செய்தார்.

"புலி போட்ட கம்பளி வாங்கி வெச்சிருக்கேன்னீங்களே. அத வுட்டுட்டு வந்துறாதீங்க."

"புலி மேல ஏறியே வரேன் பாரு" என்றார் நைனார்.

மறுநாள் எங்களைக் கூட்டிப்போக பஸ் வந்தது. மீதியை மேலே எழுதிவிட்டேன்.

கப்பல். பிறகு விமானம். பிறகு சென்னை. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறேன். கூட்டுரோட்டில் ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். பத்தடி உயரத்தில் நான். கூலிங் கிளாஸ் போட்ட பழைய போட்டோ. போர்முனையை வென்று வந்த சிங்கமே என்று எழுத்து. கீழ்மூலையில் சின்ன வட்டத்துக்குள் நைனார். பக்கத்தில் ஒரு விளக்குப் படம். என் கூட்டாளிகள் வேலை. அன்பில்தான் செய்தார்கள். எனக்கு நிலம் பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலாம் என்று இருந்தது. என்னைப் பெற்ற நைனா ஃப்ளெக்ஸுக்குக் கீழே நின்று, வருகிறவன் போகிறவனிடமெல்லாம் கை காட்டிக்கொண்டிருந்தார். மேல்சித்தாமூர் பஸ் அந்த வழியாகத்தான் போகிறது. அன்றே பிளேடு எடுத்துப் போய் அறுத்துப் போட்டேன். ஆனால் அதற்குள் சுசீலா அக்கா பார்த்துவிட்டார்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தனியாக வந்தார். உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை. என் நைனாவும் பக்கத்தில் நின்றார்.

"தம்பி, அந்த வெல்டர் போன் பண்ணாரு. இவரு பஸ்ல ஏறிட்டாருன்னு சொல்றாரு. ஏறுனவரு ஏன் எறங்குனாரு?"



"கம்பளிக்குத்தானே?" என்றார் அவரே. "நான் சொன்னேன்ல. வுட்டுட்டு வராதீங்கன்னு. அதுக்குத்தானே எறங்குனாரு? ஒரு கம்பளிக்கு என் புருஷன நானே அனுப்பிட்டேன். எனக்குத் தூக்கம் வரல தம்பி. நீ பக்கத்துல இருந்தவன். ஆமான்னு சொல்லிடு. தெரிஞ்சாலே போதும்."

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். என் நைனா முன்னால் மானம் போகாது. ஊரில் சிங்கமாகவே திரியலாம். அந்த நினைப்பு எனக்கு வந்தது. வரவில்லை என்று எழுதினால் பொய்.

"கம்பளி இல்லக்கா. கம்பளி ரூம்லயே இருந்துச்சு. அவரு அத நெனைக்கவே இல்ல. நான் கீழ வுழுந்துட்டேன். செருப்பு வார் அறுந்துச்சு. பயத்துல நைனான்னு கத்திட்டேன். அவரத்தான் கூப்புடறேன்னு நெனச்சிட்டாரு."

"நீ யாரக் கூப்புட்ட?"

பக்கத்தில் நின்ற என் நைனாவைப் பார்த்தேன். அவர் முகம் சுருங்கிப் போனது.

"என்னையத்தாம்மா கூப்ட்டான்" என்றார் அவர். "போயிருக்க வேண்டியவன் நான்."

சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா மீதியையும் கேட்டார். சொன்னேன். நைனார் ஓடி வந்தார். என் கால், முதுகு எல்லாம் தடவிப் பார்த்தார். எங்க பட்டுச்சு, எங்க பட்டுச்சு என்றார். செருப்பு அறுந்துச்சு என்றேன். "செருப்பாடா? அட கிறுக்குப் பயலே!" என்று சிரித்தார். அந்தத் திடலில், அந்தச் சத்தத்தில், வாய்விட்டுச் சிரித்தார். என்னைத் தூக்கி முன்னால் தள்ளினார். அப்புறம் சீழ்க்கை. நான் படுத்தேன். அவர் என்னைத் தள்ளிய கை நீட்டியபடி நின்றிருந்தார். நிமிர்ந்தபோது தரையில் கிடந்தார். பஸ் டிரைவர் என்னை இழுத்து உள்ளே போட்டார். நைனாரைத் தூக்க யாரும் இறங்கவில்லை. நானும் இறங்கவில்லை. பஸ் போய்விட்டது.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"பஸ் ஸ்டாண்டுல எவன் புள்ளையோ நைனான்னு கத்துனா கூட திரும்பிப் பாப்பாரு. அது அவரு சுபாவம்" என்றார். வாசல் வரை போனார். நின்றார். "அதுக்காக உன் மேல கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன் தம்பி. நீ கத்தாம இருந்திருக்கலாம்."

சரியாகத்தான் சொன்னார். கத்தாமல் இருந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு என் நைனாவை நான் நைனா என்று கூப்பிடவில்லை. வாய் வரவில்லை. தண்ணீர் வேண்டுமா, சாப்பிடலாமா என்று மொட்டையாகக் கேட்கிறேன். அவரும் அதைக் கண்டுகொள்ளாதது போல் பதில் சொல்கிறார். பிள்ளை உயிரோடு வந்தும் அவருக்கு இந்தக் கதி.

போன வாரம் ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் ஒரு போட்டோ அனுப்பினார். அவர் அந்த ஊரிலேயே இருந்துவிட்டவர். கிடங்குச் சுவரை ஒட்டி ஒரு மண்மேடு. அவர்கள்தான் புதைத்திருக்கிறார்கள். நைனார் ஆட்கள் எரிப்பார்கள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? தலைமாட்டில் ஒரு பலகை. அதில் அவர்கள் எழுத்தில் ஒரே ஒரு சொல். செஞ்சி கடைத்தெருவில் அந்த எழுத்துப் படிக்கத் தெரிந்த பாய் ஒருவரிடம் காட்டினேன். கண்ணாடி போட்டு எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"நைனான்னு போட்டிருக்குது தம்பி. யாரு? உங்க அப்பாவா?"

போட்டோவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்று இரவு இதை எழுத உட்கார்ந்தேன்.

கணக்கு. விட்டு வந்தவை ஏழு பெட்டிகள். ஒரு வேட்டி, துருக்கறையோடு. ஒரு கம்பளி, பிரிக்காத கவருக்குள். ஏழு பேரில் திரும்பியவர்கள் ஆறு பேர். திரும்பாதவர் ஒருவர். மனைவி சுசீலா. மகள் ஒன்று, மகன் ஒன்று. ஊர் மேல்சித்தாமூர். அங்கே புதைத்தவர்களுக்குத் தெரியாது, நானும் அவரை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவர் பெயர் தரணேந்திரன்.