சொம்புக்குள் நின்றவன்

பளபளக்கும் பாத்திரத்தைப் படம் எடுப்பது மனிதரை எடுப்பதைவிடச் சிரமம், ஐயா. பித்தளைச் சொம்பு எதிரே உள்ள அறை முழுவதையும் தன் வயிற்றில் காட்டிவிடும். விளக்கு, கேமரா, எடுக்கிறவன் எல்லாம் தெரியும். அதனால் வெள்ளை வேட்டியைச் சுற்றிலும் கூடாரம்போலக் கட்டி, வெளியிலிருந்து விளக்கு காட்ட வேண்டும். லென்ஸ் பார்க்க ஒரு ஓட்டை போதும். கண்ணாடி டம்ளர் என்றால் வெளிச்சம் பின்னாலிருந்து வர வேண்டும். அப்போதுதான் விளிம்பு கறுத்து, டம்ளர் இருப்பதே தெரியும்.

திண்டுக்கல்லில் இந்த வேலைக்கு எங்களிடம்தான் வருவார்கள். ஸ்டுடியோ பாக்கியராஜ் அண்ணனுடையது. பதினோரு வருடம் அங்கே நான் படம் எடுத்தேன்.

போன வருடம், 1962-இல், என் கண் மங்கத் தொடங்கியது. யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் அண்ணன் என் தோளில் கை வைத்தார்.

“படம் கலங்கலா வருது சுருளி. மதுரைக்குப் போயி கண்ணக் காட்டிட்டு வா. அதுவரைக்கும் முன்னால உக்காந்து வாரவங்கள கவனி. கேமராவ நான் பாத்துக்கிறேன்.”

அன்பாகத்தான் சொன்னார். கேமரா இல்லாவிட்டால் நான் யார்? அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. இவ்வளவு பயத்தோடு ஒருவன் எத்தனை நாள் இருக்க முடியும், சொல்லுங்கள்.

ஜெகபர் அலி பாய் தம் பாத்திரக் கடைக் காலண்டருக்குப் படம் கேட்டிருந்தார். “இத மட்டும் நானே எடுக்கிறேண்ணே” என்றேன். சரி என்றார். என் கண்ணை நம்பாமல் ஃபோகஸை மட்டும் அவரே பார்த்து வைத்தார். முதல் பிளேட், அதாவது படம் பதியும் கண்ணாடித் தகடு, நன்றாக முடிந்தது. எதற்கும் இன்னொன்று எடுப்போம் என்றேன்.

இரண்டாவதற்கு லென்ஸை ஒரு நிமிடம் திறந்து வைத்தேன். பளபளப்பு ஒரே இடத்தில் தேங்காமலிருக்க, அதற்குள் வலது விளக்கை மெல்ல நகர்த்த வேண்டும். அண்ணன் அதன் இரும்புத் தண்டைப் பிடித்தார். கரண்ட் அவரைப் பிடித்துக்கொண்டது. கூடார வேட்டியையும் இழுத்துக்கொண்டு விழுந்தார். சுவிட்ச் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

“சுவிட்சு” என்றார். தெளிவாகவே சொன்னார்.

நான் பயந்து நின்றேன். அவர் அடங்கிய பிறகு லென்ஸை மூடினேன், சுவிட்சை அணைத்தேன், தெருவுக்கு ஓடிக் கத்தினேன். டம்ளருக்குத் தண்ணீர் எடுக்கப் பின்கட்டுக்குப் போயிருந்த நேரத்தில் நடந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன்.

அந்த இரண்டாவது பிளேட்டை உடைத்துப் போட நினைத்தேன். இரண்டையும் கழுவிப் பார்த்தேன். என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருந்தன. நான் உடைத்தது முதல் பிளேட்டை.

அண்ணன் மனைவி ரோஸ்மேரி அக்காதான் பிரிண்டுகளில் உள்ள புள்ளிகளைத் தூரிகையால் மறைப்பவர். பூதக்கண்ணாடியைச் சொம்பின் வயிற்றில் வைத்துப் பார்த்தார்.

“தம்பி, தண்ணி எடுக்கப் போயிருந்தேன்னு சொன்னீங்களே?”

“ஆமாக்கா.”

“சொம்புக்குள்ள நிக்கிறது நீங்கதான?”

லென்ஸ் திறந்திருக்கும்போது அசைகிறவர் பதிய மாட்டார். அண்ணன் துடித்தது வெறும் புகையாகத்தான் விழுந்திருந்தது. நின்றவன் பதிவான். என் சட்டைப் பொத்தான்வரை தெரிந்ததாம். சுவிட்சும் தெரிந்ததாம்.

அக்கா அழவில்லை. “ஏன் தம்பி அசையவே இல்ல?” என்று மட்டும் கேட்டார். அந்தப் பிரிண்டோடு நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தார்.

இன்னொன்று உங்களுக்குத் தெரியாது. முதல் பிளேட் முடிந்து அண்ணன் டீ குடிக்கப் போனபோது, வலது விளக்கு வயரின் உறையைச் சவர பிளேடால் சீவி, செம்புக் கம்பியை அந்தத் தண்டோடு சேர்த்துக் கட்டினேன். அவர் நிற்கும் இடத்தில் ஒரு வாளித் தண்ணீரையும் ஊற்றினேன். மறைக்காமல் சொல்லிவிட்டேன். நீங்களும் ஒன்றை விடாமல் எழுதிக்கொள்ள வேண்டும் ஐயா: அவர்மேல் என் விரல்கூடப் படவில்லை.